குளிர்பெட்டியின் மேல் ஒரு முகவரி

நான்கு வருடம் எழுதியதை
எங்கோ ஒரு கம்பெனி
ஒரு வியாழக்கிழமை மூடிவிட்டது.
மன்னிப்புக் கடிதம் நன்றாகவே இருந்தது,
"அன்புள்ள பயனரே" என்று.
வாடகைச் சுவரில் ஆணி அடித்தவள் நான்.
படத்தைக் கழற்றக்கூட நேரம் தரவில்லை.

அதனால்தான் இந்தப் பழைய மடிக்கணினி.
கீல் உடைந்தது, பேட்டரி செத்தது.
குத்தாயிசியில், எங்கள் நாலாம் மாடியில்,
ரொட்டிக்கூடையை ஓரம் தள்ளி
குளிர்பெட்டியின் தலைமேல் குடிவைத்தேன்.
இது என்ன, என்றார் அவ்தோ.
சர்வர், என்றேன்.
அப்படியானால் ஒரு காபி சொல், என்றார்.

இருபத்திரண்டு வருடம்
டாக்டர்களின் கையெழுத்தைப் படித்த கண் எனக்கு.
கறுப்புத் திரையும் வெள்ளை வரியும் பயமுறுத்தவில்லை.
ஒரு புள்ளி மாறினால் வேறு மருந்து;
இங்கேயும் அப்படித்தான்.
எட்டாம் வரியில் ஓர் இடைவெளி கூடிப்போய்
ஞாயிறு முழுக்க அதிலேயே போயிற்று.

திங்கள் இரவு முதல் பக்கம் எழுந்து நின்றது.
எங்கள் முப்பத்துமூன்று எழுத்தில் ஒன்றுகூட இல்லை.
????? ??? ??????
கேள்விக்குறிகள், வரிவரியாக,
ஒழுங்காகப் பத்தி பிரித்து.
நான் எழுதியதே இதுதானோ என்று
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு ஒரே ஒரு சொல்லைத் திருத்தினேன்.
எழுத்துகள் வந்தன,
முதுகை வளைத்துக்கொண்டு, வரிசையாக.

வாசலைத் திற, என்றது குறிப்பு.
வாசலைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்?
இரவு மருந்துக்கடையில் கதவைப் பூட்டிவிட்டுக்
கையளவு ஜன்னல் மட்டும் வைத்திருப்போம்.
காசு உள்ளே வரும், மாத்திரை வெளியே போகும்,
தோள் நுழையாது.
அந்த அளவுக்கே திறந்தேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தட்டல்.
பதிவேட்டில் நொடிக்கு மூன்று தரம்.
வாசகர்கள்! என்று அவ்தோவை உலுக்கினேன்.
தூங்கு லாமரா, என்றார்.
அவர்கள் வாசகர்கள் இல்லை.
சாவி சாவியாகப் போட்டுப் பார்க்கும் இயந்திரங்கள்.
'அட்மின்' இருக்கிறாரா, 'ரூட்' இருக்கிறாரா,
கடவுச்சொல் ஒன்று இரண்டு மூன்று நான்கா?
எனக்குப் பழகிய தட்டல்தான்.
சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்பவர்கள்
இப்படித்தான், இரவுக்கு ஒரு பெயரோடு வருவார்கள்.
ஜன்னலைச் சாத்தாமலே
இல்லை என்று சொல்லத் தெரியும் எனக்கு.

புதன் இரவு கடையில் நான் மட்டும்.
மூன்று மணி. மழை.
போனில் என் முகவரியைத் தட்டினேன்.
சுற்றியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.
வீட்டுக்கு அழைத்தேன்.
"ஷேவர் சார்ஜ் ஆகட்டும் என்று
அந்த ஒயரைப் பிடுங்கினேன்" என்றார்.
நான்கு வருடமும் ஒரு சவர இயந்திரமும்
ஒரே பிளக்கில்.
மறுபடி மாட்டுங்கள்.
மாட்டினார்.
"பச்சையாக ஏதோ மினுக்குகிறது. போதுமா?"
போதும்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருவர் வந்தார்,
ஈரக் கையால் சில்லறை எண்ணித் தந்தார்.
அவர் போன பிறகு பதிவேட்டைத் திறந்தேன்.
இயந்திரம், இயந்திரம், இயந்திரம்,
நடுவில் ஓர் எண், மெதுவாக நடக்கிற எண்.
முதல் பக்கத்தில் மூன்று நிமிடம்.
அடுத்ததில் ஏழு.
மறுபடியும் முதலாவது.
எந்த ஊர் என்று தேடப் போனேன்.
எங்கள் வீட்டுக்குள்ளிருந்தே வந்த எண்.

காலையில் கோட்டைக் கழற்றும்போது
அவர் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தார்.
ஷேவ் செய்திருக்கவில்லை.
"மூன்றாம் பத்தியில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறாய்,"
ரொட்டியைப் பார்த்துத்தான் சொன்னார்.
தெரியும், என்றேன்.
தெரியாது.