இரண்டு மதிப்பெண் வினா

பாளையங்கோட்டை, மைய மதிப்பீட்டு முகாம், மூன்றாம் நாள்.
கட்டுக்கு நாற்பது விடைத்தாள்.
மின்விசிறி சுற்றுகிறது,
காற்று வேறு யாருக்கோ.

ஐரோப்பிய வரலாறு, இடைக்காலத்தின் முற்பகுதி.
பகுதி அ: கலைச்சொற்களை வரையறு.
மேனர். வஸால். தசமபாகம். திருப்பண்டம். பண்ணையடிமை.
விடைக்குறிப்பில் சொல்லுக்கு ஒன்றரை வரி.
பக்கம் பக்கமாக எழுதினாலும்
இரண்டுக்கு மேல் கிடையாது.

வஸால் என்பது ஒருவகை வெண்கலப் பாத்திரம்
என்று ஒருத்தன் எழுதிவிட்டான்.
அடுத்த மேசை ஞானதீபம் டீச்சர் சிரித்த சிரிப்பில்
தேநீர் சிந்தியது ஏதோ ஒரு போப்பின் மேல்.

தசமபாகத்தை மட்டும் யாரும் கோட்டைவிடவில்லை.
உறையில் போட்டு உறையில் போட்டுப் பழகிய கைகள்.
பத்தாவது கதிர்க்கட்டு, பத்தாவது ஆட்டுக்குட்டி,
தேனடையிலும் பத்தில் ஒன்று,
பிறகு ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலம் விடுவார்கள்
என்று முடிகிறது ஒரு தாள்.
அரை மதிப்பெண் குறைத்தேன்.
அப்புறம் திருப்பிக் கொடுத்தேன்.

புனிதரின் விரலெலும்பு வந்த ஊருக்கு
பின்னாலேயே சந்தையும் வரும் என்ற பிள்ளைக்கு
யோசிக்காமல் முழுசும்.

இருபத்தேழாவது தாள்.
பெயர் கிடையாது, மறைவெண் மட்டும்.
'பண்ணையடிமை: நிலத்தை விட்டுப் போக முடியாதவர்.
மகளைக் கட்டிக்கொடுக்கவும் பிரபுவுக்கு வரி.
நிலம் கைமாறினால் கூடவே கைமாறுவார்.'
சரி. டிக். இரண்டு.

அதன் கீழே ஆறு வரி எழுதி
ஸ்கேல் வைத்து அடித்திருந்தது.
அடித்ததைத் திருத்தக் கூடாது, விதி.
அடித்ததைத்தான் கண் முதலில் வாசிக்கிறது.

'எ.கா. கன்னடியன் காலுக்குத் தெற்கே
பதினோரு கோட்டை விதைப்பாடு, நஞ்சை.
கிரயச் சீட்டில் கண்டது: மாமரம் இரண்டு,
உழவுமாடு ஒரு ஜோடி, கொம்பன்,
அவன் பெண்டாட்டி மாடத்தி, பெயரிடாத பெண்பிள்ளை ஒன்று.
அந்தப் பிள்ளை வழியில் நான்.'

கடைசி வரியில் கோடு வளைந்திருக்கிறது.
ஸ்கேல் நழுவியிருக்கும்.
அல்லது ஸ்கேலை எடுத்துவிட்டு
வெறுங்கையால் இழுத்திருக்கும்.

எங்கள் வீட்டு மரப்பெட்டியிலும் ஒரு கிரயச் சீட்டு உண்டு.
அதுவும் கன்னடியன் கால்தான், தெற்குதான்.
கார் எத்தனை, பிசானம் எத்தனை என்று
அப்பா மனப்பாடமாகச் சொல்வார்.
சீட்டை நான் பிரித்துப் பார்த்ததில்லை.
இருபது வருஷமாக இந்தப் பாடம் நடத்துகிறேன்.

நாலு மணிக்கு அருள்தாசன் சார் வந்தார்.
'கட்டு முடிஞ்சுதா?'
'ஒண்ணு மட்டும் கையில இருக்கு சார்.'
'மார்க் போடலியா?'
'போட்டாச்சு.'
'பொறவு என்ன?'