மூன்றுக்கு ஒன்று

வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே
மண்டபம் இடுப்பு சிறுக்கும் இடத்தில்
எங்கள் ஆய்வுக்கூடம்.
சோழகம் வீசினால் வடக்குச் சன்னலைத் திறப்போம்,
வாடை என்றால் தெற்கை.
எதைத் திறந்தாலும் உப்பு வந்துவிடும்.

தராசில் கறுப்புப் பொடி, கண்மை மாதிரி.
ஒரு கரண்டி கொட்டினால்
இரண்டு மாதச் சம்பளம்.

"நல்ல பிளாட்டினத்துல நிக்கலை ஏன் கலக்குறீங்க?
காசு மிச்சம் புடிக்கவா?"
ரெமிஜியுஸ் கேட்டார். அவர் படகில்தான்
எரிபொருள் கலம் ஏறப்போகிறது.

காசும்தான் என்றேன்.
தென்கடல் பாரில் நங்கூரம் போட்டால்?
"சிக்கிக்கும். கயித்தை அறுக்கணும்."
வடகடல் சேற்றில்?
"காத்தடிச்சா இழுத்துக்கிட்டுப் போயிரும்."

தனிப் பிளாட்டினம் அந்தப் பார்.
வந்திறங்கிய ஆக்சிஜனை விடாது,
அடுத்தது இறங்க இடமின்றிச் சுற்றும்.
உள்ளே நிக்கல் இருந்தால்
பிளாட்டின அணுக்கள் மயிரிழை நெருங்கும்,
நெருங்கினால் பிடி தளரும்.
தங்களுக்குள் நெருக்கமானவர்கள்
விருந்தாளியை
மல்லுக்கட்டி உட்காரவைப்பதில்லை.

எவ்வளவு நிக்கல் என்பதுதான் வழக்கு.

ஒன்றுக்கு ஒன்று போட்டோம்.
முதல் பத்து மணி நேரம் மின்னோட்டம் துள்ளியது,
நூருல் பாசியா விசில் அடித்தாள்.
முப்பதாவது மணியில்
நிக்கல் அமிலத்தில் கரைந்து
சவ்வுக்குள் போய் உட்கார்ந்து
புரோட்டான் போகும் வழியை மறித்தது.
விசில் அடித்த பக்கத்தை
அவளே நோட்டில் அடித்துவிட்டாள்.

ஐந்துக்கு ஒன்று:
நிக்கல் இருப்பதே தெரியவில்லை.
மூன்றுக்கு ஒன்றில்
மேல்தோல் நிக்கல் மட்டும் முதலிலேயே கிளம்பியது.
உள்ளே இருந்தது இருந்தது.
வெளியே பிளாட்டினம் தன்மேல் தானே சுருங்கி
வேலையைப் பார்த்தது,
அதிகத் துள்ளல் இல்லாமல், நானூறு மணி நேரம்.

தை மாதம், படகில் ஏற்றினோம்.
டீசல் வாடை இல்லாததால்
ரெமிஜியுஸ் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.
பின்குழாயில் சொட்டிய நீரை
விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.
"உப்பு கரிக்கல."
சுற்றிலும் கரிப்பது தெரியாதது போல.

பாம்பன் பாலம் விரல்நீளம் ஆனபோது
மின்னழுத்தம் இறங்கத் தொடங்கியது.
வடிகட்டியை மீறிய உப்புக்காற்று.
குளோரைடு,
ஆக்சிஜனுக்கு வைத்த இடத்தில்
துண்டைப் போட்டுவிட்டது.
இத்தனை விகிதம் பார்த்தோமே,
எதுவும் அதைக் கேட்கவில்லை.

அவர் ஒன்றும் சொல்லாமல்
பழைய எஞ்சினின் கயிற்றை இழுத்தார்.
புகை எங்கள் முகத்தில்தான் வந்தது.

கரை தட்டிய பிறகு சொன்னார்:
"நாலுக்கு ஒண்ணு போட்டுப் பாத்தீகளா?"

பார்க்கவில்லை.
பாசியா ஏற்கெனவே
பொடியை நிறுத்துக்கொண்டிருந்தாள்,
இரண்டு சன்னலையும் சாத்திவிட்டு.