பத்தொன்பது விநாடிகளுக்கான விளக்கம்

ஐயா,
நேற்று அதிகாலை 4.52.09 முதல் 4.52.28 வரை
நம் சேனல் ஏன் கறுப்பாக இருந்ததென்று
எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள்.
எழுத்தில் தருகிறேன்.

மின்சாரம் போகவில்லை.
ஈக்காட்டுத்தாங்கல் முழுக்க விளக்கு எரிந்தது.
ஜெனரேட்டரில் டீசல் முக்கால்.
செயற்கைக்கோளைக் குறை சொல்ல மாட்டேன்,
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தள்ளி நின்று
கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும்
நாணயஸ்தன் அது.

மூட்டுவலித் தைலம் முடிந்து
ராசிபலன் தொடங்க வேண்டும்.
பட்டியலில் அடுத்த வரி சிவந்தது:
கோப்பு இல்லை.
பகல் ஷிப்ட் ஷர்மிளா
அதைச் செவ்வாய்க்கிழமை பெயரில் வைத்துவிட்டாள்.
(அவளைத் திட்ட வேண்டாம்.
அன்று அவளுக்குப் பதினாறு மணி நேர வேலை.)

இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே
மெரினா சூரியன் ஒன்று தயாராக இருக்கிறது.
மூன்று வருடமாக உதிக்கும் அதே சூரியன்.
ஒரு பொத்தான், அவ்வளவுதான்.
விரல் அதன் மேல்தான் இருந்தது.

ஆனால் ஆறாவது மானிட்டரில்
காசிமேடு வந்துகொண்டிருந்தது.
தடைக்காலம் முடிந்து போன படகுகள்
திரும்பும் காலை,
ஐந்து மணி நேரலைக்காக ஓபி வேன் அனுப்பும் படம்.
என்னைத் தவிர யாரும் பார்க்காத படம்.
யாகூப் கேமராவை முக்காலியில் விட்டுவிட்டு
டீ குடிக்கப் போயிருக்க வேண்டும்.
தில்லைநாயகம் மைக்கோடு
யாரிடமோ சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு பெண் வந்தாள்.
இடுப்பில் காலிக் கூடை.
லென்ஸுக்கு நேரே குனிந்து
பல்லைப் பார்த்தாள்,
வலது கம்மலைத் திருகினாள்.
பிறகு, ஐயா,
ஏலத்துக்கான முகத்தை எடுத்து
மாட்டிப் பார்த்தாள்.
கண் சுருங்கியது. தாடை இறுகியது.
“கூட நாலாயிரம்.
அதுக்கு மேல ஒத்தப் பைசா கெடையாது.”
என் ஹெட்போனுக்குள் சொன்னாள்.
திருப்தியில்லை.
தலையை ஆட்டிவிட்டு
இன்னும் மெதுவாக, சத்தமே உயர்த்தாமல்,
மறுபடி சொன்னாள்.
நானாக இருந்தால் கொடுத்திருப்பேன்.

விளக்கு விழும் முன்
நம் வாசிப்பாளர்கள் செய்வதும் அதுதான்.
பன்னிரண்டு வருடமாகக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம்
உட்கார்ந்து பார்க்கிறேன்.
இவ்வளவு சுத்தமாக ஒருவரும் செய்ததில்லை.

பிறகுதான் சூரியனைப் போட்டேன்.

புகார் இரண்டு வந்ததாகக் குறிப்பு சொல்கிறது.
புளியந்தோப்பு டீக்கடை ஒன்று.
இன்னொன்று, ராயபுரத்தில்
பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருந்தவர்:
பெட்டி இருண்டு அதில் தன் முகம் தெரிந்ததாம்,
தாடி இவ்வளவு நரைத்ததை
வீட்டில் ஒருவரும் சொல்லவில்லையாம்.
அதற்கு நாம் என்ன பதில் எழுதுவதென்று
தாங்களே சொல்லவும்.

ஐந்து மணி நேரலையில் அவள் இல்லை.
யாகூப் வந்து
லென்ஸில் படிந்திருந்த மூச்சைத் துடைத்தார்.
கூடை நாலாயிரத்து முந்நூறு வரை போனதாகத்
தில்லைநாயகம் சொன்னார்.
அதையே கீழே ஓடும் எழுத்தில் விட்டோம்,
ஏழு மணி வரை ஓடியது.
அவள் முந்நூறு இறங்கி வந்தாளா,
வெறுங்கூடையோடு நடந்தாளா,
அது நம் செய்தியில் இல்லை.

ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

உள்வரும் படங்களின் பதிவு
எட்டாம் நாள் தானாக அழியும்.
இன்னும் ஏழு நாள் இருக்கிறது.
தாங்கள் ஒருமுறை கீழே வந்தால்
போட்டுக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
இரவு ஷிப்ட்.