பதினோரு மாதம்

புதுச்சேரியில், கடலைப் பார்த்த விடுதியின் மாடியில்
இரண்டு நாள் தலைமைத்துவப் பயிற்சி.
ஆளுக்கொரு சார்ட் தாள், நான்கு ஸ்கெட்ச் பேனா.
'உங்கள் பணிப்பாதையை வரையுங்கள்' என்றார்கள்.
பக்கத்து மேசையில் ஒருவர் ஏணி வரைந்தார்.
இன்னொருவர் மலை, உச்சியில் கொடி.

நான் கட்டம் போட்டேன்.
ஒரு வரிசைக்குப் பதினொன்று.
அப்படிப் பதினாறு வரிசை.

'பன்னிரண்டாவது எங்கே?' என்றார் பயிற்றுநர்.

எங்கள் அலுவலகம் கடலூரில்,
திருப்பாதிரிப்புலியூர் ஜெராக்ஸ் கடைக்கு மேலே.
ஒப்பந்தம் எப்போதும் பதினோரு மாதம்.
மார்ச்சில் நான் யாருடைய ஊழியரும் இல்லை.
மார்ச்சில் காற்று மட்டும் லீவு எடுப்பதில்லை.
சிப்காட் பக்கமிருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு
அழுகிய பலாச்சுளை நெடி கிளம்பினால்
அம்சவேணி எனக்குத்தான் போன் அடிப்பாள்.
'அக்கா, நோட்டுல என்னான்னு எழுதறது?'
மூக்குக்குத் தெரிஞ்சதை எழுது.
மணியை எழுது.
காற்று எந்தப் பக்கம்னு
கொடியில காயுற புடவையைப் பார்த்து எழுது.

குறைந்தபட்சக் கூலி கேட்டு
மஞ்சக்குப்பத்தில் ஒருமுறை பேனர் கட்டினோம்.
அதில் கேட்டிருந்த தொகை
என் சம்பளத்தைவிட எழுநூறு ரூபாய் அதிகம்.
கயிற்றின் அந்த முனையில் நின்ற கனகாம்புஜம்
அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.
பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு முடிச்சைப் போட்டோம்.

தன்னார்வலர். களப்பணியாளர்.
பிறகு மூத்த களப்பணியாளர்
('மூத்த' என்ற சொல்லுக்கு முந்நூறு ரூபாய்).
எம்.எஸ்.டபிள்யூ முடித்த பிள்ளைகள் வந்தார்கள்,
என் மொபெட் பின்னால் உட்கார்ந்து
உப்பனாற்றுக் கரையைச் சந்து சந்தாகச் சுற்றினார்கள்,
ரெண்டு வருஷத்தில் எனக்கு மேலதிகாரி ஆனார்கள்,
அப்புறம் பெங்களூருக்கோ டெல்லிக்கோ
கேக் வெட்டி அனுப்பி வைத்தோம்.
வருத்தமில்லை என்று சொல்வேன்.
ரெண்டு பேர் விஷயத்தில் அது உண்மையும்கூட.

ஏப்ரலில் இயக்குநர் போனார்.
நிர்வாகக் குழு என்னைக் கூப்பிட்டது.
'தற்காலிகமாக நீங்களே பாருங்களேன்.'
தற்காலிகமா?
பதினாறு வருஷமாக வேறென்ன பார்த்தேன்?
ஆனால் அங்கே நான் சொன்னது, 'சரிங்க சார்.'

'இந்த இடைவெளிகள் என்ன?'
பயிற்றுநர் இன்னும் காத்திருந்தார்.
சார்ட்டில் விடுபட்ட கட்டங்களைத் தடவிப் பார்த்தேன்.
கலெக்டர் அலுவலக வாசலில்
தண்ணீர் பாட்டில்களில் கிணற்று நீரை வரிசையாக வைத்தது
ஒரு மார்ச்.
மூன்று ஊர்ப் பெண்கள் முதன்முதலாக
ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டது
இன்னொரு மார்ச்.
'அது சம்பளம் வராத மாசங்க' என்றேன்.
அவர் பச்சைப் பேனாவால் பக்கத்தில் எழுதினார்,
'ஓய்வு'.

திங்கட்கிழமை. மேசையில் முதல் கோப்பு
அம்சவேணியின் நியமனக் கடிதம்.
ஆறு வருஷம் நோட்டில் காற்றை எழுதியவளுக்கு
இப்போதுதான் ஒரு பதவிப் பெயர் கிடைக்கிறது.
பதினொன்று என்ற சொல்லை அடித்து
பன்னிரண்டு என்று எழுதினேன்.
கணக்கர் பெலவேந்திரம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.
'எழுதிடலாங்க.
பன்னிரண்டாவது மாசத்தை எந்தத் தலைப்பில் போடுறது?'

நிதி தருபவர்களின் படிவத்தில்
பயணத்துக்குத் தலைப்பு இருக்கிறது,
அச்சுக்கு, தேநீருக்கு,
தலைமைத்துவப் பயிற்சிக்குத் தனியாக ஒன்று,
கடைசியில் இதர.

'காலியா விடுங்க, நான் கேட்டுக்கறேன்.'
யாரிடம் என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

ஜன்னலுக்கு வெளியே, எதிர்மாடிக் கொடியில்
நீலப் புடவை ஒன்று
மெதுவாக வடக்கே திரும்பியது.
பேனாவை மூடாமல்
மணி பார்த்தேன்.