நாற்பத்தேழு நிமிடம்

நீ தூங்கியபின் போட்டுக் கேட்கிறேன்.
டாக்டர் ஹஸ்லினா பேசியது ஆறு நிமிடம்தான்.
சட்டைப்பையில் போன் உரசும் கரகரப்புக்கு நடுவே
"புவா பிங்காங்" என்கிறார்.
சிறுநீரகம். அவ்வளவு மலாய் எனக்கும் தெரியும்.
"ஓக்கே டாக்டர், ஓக்கே டாக்டர்" என்கிறாய்,
பதினோரு தடவை.
நான் எழுதிக் கொடுத்த மூன்று கேள்விகளில்
ஒன்றுகூட வாயில் வரவில்லை உனக்கு.

நிறுத்த மறந்திருக்கிறாய்.
மருந்துக் கவுண்டரில் நம்பர் கூப்பிடுகிறார்கள்.
பஸ் கதவு. மழை. பெர்ரியின் சங்கு.
"எங்கண்ணே, ஆஸ்பத்திரியா?" யாரோ.
"சும்மா செக்கப்புப்பா."

பிறகு பத்து நிமிடம் எஞ்சின் இரைச்சல் மட்டும்.
அதற்குள், காதை ஒட்டவைத்தால்தான் கேட்கும்,
என் இரண்டாவது கேள்வியை
யாரிடமோ கேட்கிறாய்:
"டயாலிசிஸ் பண்ணிக்கிட்டே லோரி ஓட்டலாமா?"

பட்டர்வொர்த் வந்துவிட்டது போல.
மோட்டார்சைக்கிள்கள் ஒவ்வொன்றாய்
ஸ்டார்ட் ஆகின்றன.