இரண்டு சிகரெட் தூரம்

பேர் இருந்தது. ஊர் இல்லை.
தெரைனா:
வரிப் பட்டியலில் ஒற்றை வரி,
முந்நூறு திராக்மா கட்டியவர்கள்.
எந்தக் கரையிலிருந்து கட்டினார்கள் என்று
கல் சொல்லவில்லை.

ஊர் பேர் தெரியாதவன் என்று
யாரையும் இனி ஏசமாட்டேன்.
இரண்டும் தெரியாதவன் நிம்மதியாக இருப்பான்.
ஒன்று மட்டும் தெரிவதுதான் அவஸ்தை.

சாஸ்கட்டூனில் பல்கலைக்கழக நிலவறை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பழைய படங்களைப் புதிய பூமியோடு
பொருத்துவது என் வேலை.
பதினேழாவது இழுப்பறை யவனருக்கு.
(அந்தச் சொல்லை நான்தான்
ரகசியமாக ஒட்டிவைத்தேன்.
இங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது.)

பேராசிரியர் எவ்ரிதிகி மவ்ராக்கி சொன்னார்:
"ரெண்டு கிராமம் உரிமை கேட்குது.
ரெண்டிலும் பெயர்ப்பலகை வெச்சாச்சு.
ஒண்ணுல தெரைனா டயர் கடைகூட உண்டு."

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.
கூத்தாடிக்கு மணிக்கு இருபத்தாறு டாலர்.

இழுப்பறையின் அடியில் ஒரு காகித அச்சு.
ஈரக் காகிதத்தைக் கல்வெட்டில் விரித்து
தூரிகையால் அறைந்து அறைந்து
எழுத்தைப் பிடுங்கி வந்திருக்கிறார்கள்.
பின்பக்கம் தடவினால்
கொசுக்கடி மாதிரி விரலில் தட்டும்.
ஓரத்தில், மங்கிய பென்சிலில், 1934:
கல் கிடந்த இடம், பாலத்திலிருந்து கிழக்கே,
நடந்தால் இரண்டு சிகரெட் தூரம்.

மைல் இல்லை. முழம்கூட இல்லை.
எவ்ரிதிகி புகைப்பதில்லை. நானும்.

இரவுக் காவலர் ட்ரெவர் ஒகெமாவின் இடைவேளையை
கடன் வாங்கினோம்.
அவர் பற்றவைத்து ஆற்றோரம் நடந்தார்.
பின்னால் நான், கையில் கடிகாரம் ஓட.
என் இமைமயிரில் பனி கோத்திருந்தது.
முதல் சிகரெட்: ஆறு நிமிடம் பத்து நொடி.
இரண்டாவது காற்றில் சீக்கிரம் தீர்ந்தது.
"கணக்குல சேராது," என்றார்.
"அந்த ஆள் காலத்துல ஃபில்டர் கிடையாது,
விரல் சுடற வரைக்கும் இழுத்திருப்பான்.
வெயில் வேற. நிதானமா போயிருப்பான்."
கையில் வாளியும் இருந்திருக்கும், என்றேன் நான்.

வாளியைக் கழித்து, வெயிலைக் கூட்டி,
எண்ணூற்றைம்பது மீட்டர்.
திரையில் வட்டம் போட்டேன்.
முதல் கிராமம் வட்டத்துக்கு மேற்கே நின்றது.
இரண்டாவது கிழக்கே.
உள்ளே ஒரு பீச் தோப்பு மட்டும்.

தோப்புக்கு முன் அங்கே என்ன?
1961 வான்படத்தில் பார்லி.
நரைத்த வயல். அதில்
கட்டம் கட்டமாக இன்னும் வெளுத்த கோடுகள்.
எனக்கு அது படத்தின் கீறலாகத்தான் தெரிந்தது.

ட்ரெவர் குனிந்து பார்த்தார், தொப்பியில் பனி சொட்ட.
"கீறல் வளைஞ்சு போகும். இது திரும்புது பாருங்க.
எங்க அண்ணன் நிலத்துல பழைய ரயில் பாதை
இப்படித்தான். தண்டவாளத்தைப் பிடுங்கி
நாப்பது வருஷமாச்சு,
கோதுமை அங்க மட்டும் இன்னும் சவலை."

எவ்ரிதிகி உட்கார்ந்துவிட்டார்.
தெரு, தெருவுக்குக் குறுக்கே தெரு,
ஒரு மூலையில் வாசலாகக்கூட இருக்கலாம்.
அடியில் சுவர் கிடக்க, மேலே
வேர் இறங்காமல் நின்ற பயிர்
ஒரே ஒரு மே மாதத்தில்
ஒரு விமானத்துக்கு மட்டும் காட்டியிருக்கிறது.

"இருக்கலாம்" என்றுதான் எழுதினோம்.
மண்வெட்டி இறங்கும்வரை அதுதான் முறை.
இரண்டு கிராமத்துக்கும் அறிக்கை போனது.
இரண்டுக்கும் கோபம்.

அன்றிரவு பின்வாசலில்
ட்ரெவர் மூன்றாவதைப் பற்றவைத்தார்.
"இது எந்த ஊருக்கு?" என்றார்.
கடிகாரத்தைத் தேடினேன்.
முந்தைய ஓட்டத்தை நிறுத்தவே மறந்திருக்கிறேன்:
கோட்டுப் பையின் இருட்டில்
ஒன்பது நாள், நாலு மணி,
இன்னும் போய்க்கொண்டிருந்தது.