செய்தி அல்ல

உரிமத்தின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது:
செய்தி வாசிக்கக் கூடாது.
அந்த ஒரு வரியை மட்டும் பெரிதாக நகலெடுத்து
லேமினேட் செய்து
மைக்குக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறார் அர்த்தநாரி.
என் வாயை அவருக்குத் தெரியும்.

ஐம்பது வாட். முப்பது மீட்டர் கம்பம்.
பால் சொசைட்டி காலி செய்துபோன அறை,
சுவரெங்கும் முட்டை அட்டை,
மூலையில் இன்னும் புளித்த வாடை.
சென்னிமலை வரைக்கும் எட்டுவோம்.
மலைக்கு அந்தப் பக்கம் நாங்கள் வெறும் இரைச்சல்.

காலை ஆறுக்கு விலை:
கொப்பரை, தக்காளி,
மஞ்சளில் விரலி தனி, கிழங்கு தனி.
ஆறே காலுக்கு வாய்க்காலில் யார் முறை.
யார் மடையை யார் அடைத்தார் என்பது செய்தி,
அது கிடையாது.
ஆறரைக்குத் தொலைந்த உருப்படிகள்.
திங்களிலிருந்து ஒரு வெள்ளாடு:
செவலை, இடது காது கிழிசல்,
நாச்சாத்தாளுடையது, கூப்பிட்டால் திரும்பாது.

தறிக்குடோனில் எங்களைக் கேட்க முடியாது,
கரண்ட் போனால்தான்.
அதற்காகவே மின்தடைப் பட்டியலை மனப்பாடம் செய்கிறேன்.
வியாழன் பதினொன்று பத்துக்கு
நாற்பது தறியும் ஒன்றாய் மூச்சை நிறுத்தும்போது
செல்போன் ரேடியோவில் தீபாஞ்சலி ஒடியாவில் பேசுவாள்,
இருபது நிமிடம், யாருக்கோ சிரித்துச் சிரித்து.
எனக்கு ஒரு வார்த்தை புரியாது.
மிஸ்டு கால் அவளுக்குத்தான் அதிகம்.

ஐப்பசியில் மழைக்குக் காத்திருப்பவர்கள்
இங்கே இரண்டு வகை.
சோளம் விதைத்தவர்கள்.
தொட்டி நிரம்பியவர்கள்.

ராத்திரி இரண்டரை, தூறல் பலத்திருந்தது.
"அம்மிணி, ஆறு நெறம் மாறிப்போச்சு.
டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்"
என்றார், மோட்டார் எடுத்துவிடப் போன செல்லாண்டியப்பன்.

அது செய்தி.

விடியும் வரை டிடிஎஸ் மீட்டரோடு
ஏழு கிணறு சுற்றினோம் நானும் அர்த்தநாரியும்.
அவர் ஒன்றும் பேசவில்லை.
அறைக்கு வந்ததும் லேமினேட்டைத் துடைத்து
நேராக்கினார்.

வானிலைக்கு அனுமதி உண்டு.
"நேற்றிரவு ஊஞ்சவலசில் மழை இரண்டு சென்டிமீட்டர்.
ஆற்றின் நிறம் கத்திரிப்பூ.
நுரை, எருமையின் முழங்கால் அளவு.
காற்று மேற்கிலிருந்து.
மேற்கில் என்ன இருக்கிறதென்று உங்களுக்கே..."
மீதியை ஃபேடரை இறக்கி விழுங்கினார் அர்த்தநாரி.

விலைக்கும் அனுமதி உண்டு.
மஞ்சள் வாசிக்கும் அதே குரலில் வாசித்தேன்:
"கிணற்றுத் தண்ணீர் நிலவரம்.
வேலாங்காடு இரண்டாயிரத்து அறுநூறு.
பள்ளிக்கூடத்துப் போர் மூவாயிரத்து நூறு.
நேற்றைவிட எல்லாமே ஏற்றம்.
வாங்குவோர் இல்லை."

(பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது:
நிறம் என்பது வானிலையில் சேருமா, விளக்கம் தரவும்.
அதையும் லேமினேட் செய்துவிட்டார்.)

ஆனால் அன்றைக்கு ஆறரை மணி இன்னும் பாக்கி.
கதவுக்கடியில் யாரோ தள்ளிய துண்டுச்சீட்டு,
ஈரத்தில் மை ஊறியிருந்தது.
"அணைமேட்டில் ஒரு வெள்ளாடு
ஒண்டியாக நிற்கிறது.
செவலை. இடது காது கிழிசல்.
குளம்பு நான்கும் கத்திரிப்பூ நிறம்."

ஃபேடர்மேல் கை போனது.
அடையாளமுங்க, என்றேன் மைக்கைப் பொத்திக்கொண்டு.
அடையாளம் சொல்லாமல் ஆட்டை எப்படிக் கொடுப்பது.

அர்த்தநாரி கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டார்.